கிளப் விஸ்தாரா போயாச்சு, இனி எந்த மைல்?

19 நவம்பர் 2024, காலை. கேள்வி: வேளச்சேரிவாசி

போன வாரத்தோடு விஸ்தாரா முடிந்தது. பறக்கப் பறக்கப் புள்ளி சேரும் அவர்களுடைய மைல் திட்டமான கிளப் விஸ்தாராவில் கோல்டு அட்டை வைத்திருந்தேன், புள்ளியெல்லாம் ஏர் இந்தியா கணக்குக்குப் போய்விட்டது. மாதம் ஒருமுறை டெல்லி போவேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிங்கப்பூர், வருடத்தில் ஒன்றிரண்டு தடவை லண்டன். டிக்கெட் பெரும்பாலும் கம்பெனி செலவு. ஏர் இந்தியாவிலேயே இருந்துவிடுவதா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்துக்கு மாறுவதா, இல்லை லண்டனுக்காக பிரிட்டிஷ் ஏர்வேஸா? எமிரேட்ஸை விட்டால் வேறு கதியில்லை என்று ஆபீஸில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

19 நவம்பர் 2024, இரவு. மீனம்பாக்கத்தான்

முதலில் எமிரேட்ஸ்காரரை உட்கார வைத்துவிடுவோம். நல்ல விமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் போகும் மூன்று ஊரில் துபாய் வழியாகப் போகக்கூடியது லண்டன் ஒன்றுதான். அதற்கும் மீனம்பாக்கத்திலிருந்து நேர் விமானம் இருக்கிறது. போதாததற்கு எமிரேட்ஸ் பெரிய மூன்று விமானக் கூட்டணிகளில் (ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம்; கூட்டணிக்குள் ஒருவர் விமானத்தில் பறந்ததை இன்னொருவர் கணக்கில் போடலாம்) எதிலும் கிடையாது. டெல்லிக்கும் சிங்கப்பூருக்கும் அலைந்து சேர்ப்பதை அதில் கொண்டுபோய்ப் போட வழியில்லை.

நான் முதலில் பார்ப்பது திட்டத்தை அல்ல, நம் ஊரிலிருந்து எவன் கிளம்புகிறான் என்பதைத்தான். சென்னையிலிருந்து ஸ்டார் அலையன்ஸ் பக்கம் ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் இருக்கிறார்கள். ஒன்வேர்ல்டு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், கேத்தே, மலேசியா, ஸ்ரீலங்கன். ஸ்கைடீம் நமக்கு அவ்வளவாக உதவாது. உங்கள் பயணத்தில் டெல்லியும் சிங்கப்பூரும்தான் அடிக்கடி வருகின்றன. இரண்டும் ஸ்டார் பக்கம். ஆகவே கூட்டணி எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அதற்குள் எந்த அட்டை என்பதுதான் கேள்வி.

20 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஸ்டேட்டஸ் வேறு, மைல் வேறு. எல்லாரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கோல்டு அட்டை இருந்தால் லவுஞ்சு, கூடுதல் லக்கேஜ், வரிசையில் முன்னுரிமை. மைல் இருந்தால் இலவச டிக்கெட், அதாவது இலவசம் மாதிரி ஒரு டிக்கெட். உங்களுக்கு எது வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லையே?

20 நவம்பர் 2024, இரவு

“இரண்டும்” என்று பதில் வந்திருக்கிறது. சரி, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

24 நவம்பர் 2024

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கிரிஸ்ஃப்ளையரில் எலைட் சில்வருக்கு 12 மாதத்தில் 25,000 எலைட் மைல் (அட்டைத் தகுதிக்கென்று தனியாக எண்ணும் மைல்) வேண்டும், கோல்டுக்கு 50,000. சில்வரில் பெரிதாக ஒன்றும் இல்லை. கோல்டு வந்தால்தான் அது ஸ்டார் அலையன்ஸ் கோல்டு, லவுஞ்சு கதவு திறக்கும். சென்னை சிங்கப்பூர் தூரம் ஒரு வழிக்கு சுமார் 1,800 மைல். முழு மைல் கிடைக்கிற டிக்கெட்டாகவே இருந்தாலும் எகானமியில் பதினான்கு முறை போய்வந்தால்தான் 50,000. நீங்கள் போவது வருடத்துக்கு ஆறு முறை. மலிவு டிக்கெட் என்றால் முழு மைலும் வராது. கம்பெனி பிசினஸ் வகுப்பு கொடுத்தால் நிலைமை மாறும். கொடுக்கிறதா?

ஏர் இந்தியா 2024 ஏப்ரலிலிருந்து தூரக் கணக்கை விட்டுவிட்டுச் செலவுக் கணக்குக்கு மாறிவிட்டது. எவ்வளவு தூரம் பறந்தீர்கள் என்பது போய், எவ்வளவு ரூபாய் கொடுத்தீர்கள் என்று ஆகிவிட்டது. இது கம்பெனிக் காசில் பறப்பவருக்குச் சாதகம். நாளை காலை டெல்லியில் மீட்டிங் என்று இன்று ராத்திரி டிக்கெட் போடுகிறார்களே, அந்த அநியாய விலைக்கெல்லாம் புள்ளி. சொந்தக் காசில் நாலு மாதம் முன்பே புக் செய்யும் சிக்கனக்காரருக்கு இது அடி. சிக்கனத்துக்கு அபராதம் என்றே சொல்லலாம்.

ஆகவே டெல்லி மட்டும் என்றால் ஏர் இந்தியா. சிங்கப்பூரும் பிசினஸ் வகுப்புமாக அடிக்கடி என்றால் கிரிஸ்ஃப்ளையர். நீங்கள் நடுவில் மாட்டியிருக்கிறீர்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டார் கோல்டு அட்டையை எந்த நிறுவனத்தில் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். யுனைடெட்டின் சொந்த கோல்டு அட்டைக்காரர், வெறும் அமெரிக்க உள்நாட்டுப் பயணம் என்றால், அந்த அட்டையைக் காட்டி யுனைடெட் லவுஞ்சுக்குள் போக முடியாது. அதே விமானத்தில் போகும் ஏர் இந்தியா கோல்டுக்காரர் போகலாம். நெவார்க்கில் ஒரு அமெரிக்கர் வாசலிலேயே மறுக்கப்பட்டு நின்றபோது பின்னால் இருந்த என்னை உள்ளே விட்டார்கள். அந்த மனிதர் என் அட்டையைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

26 நவம்பர் 2024

“எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து பறப்பவர்களுக்கு எந்தத் திட்டம்?” என்று ஒரு திருச்சிக்காரர் கேட்கிறார். உங்கள் நிலைமை வேறு. மதுரை, திருச்சி, தூத்துக்குடி பக்கம் உள்நாட்டுக்கு இண்டிகோதான் பெரும்பாலும். அவர்கள் எந்தக் கூட்டணியிலும் இல்லை. இப்போதுதான் ப்ளூசிப் என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். சேர்ந்து வையுங்கள், காசா பணமா. ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட்டில் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பட்ஜெட் விமானம்) போகிறீர்கள் என்றால் அதற்கும் கிரிஸ்ஃப்ளையர் மைல் உண்டு. பலர் தங்கள் உறுப்பினர் எண்ணைக் கொடுப்பதே இல்லை. பட்ஜெட் விமானத்தில் என்ன கிடைக்கப்போகிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

3 டிசம்பர் 2024

வேளச்சேரிவாசியின் சிங்கப்பூர் பயணத்துக்கு மைல் சேரவில்லையாம். “எண்ணைச் சரியாகத்தான் கொடுத்தேன்” என்கிறார். எண் சரியாகத்தான் இருக்கும். பெயரைப் பாருங்கள்.

இது நம்மவர்களுக்கென்றே வாய்த்த தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும், இன்னொருவருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும், மூன்றாமவருக்கு அப்பா பெயரும் சொந்தப் பெயரும் சேர்ந்தே ஒரே கட்டத்தில் கிடக்கும். கணக்கு தொடங்கும்போது பழக்க தோஷத்தில் இனிஷியலைப் போட்டுவிடுகிறோம். டிக்கெட் போடும் டிராவல் டெஸ்க் பையனுக்குக் கடைசிப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதனால் இருக்கிற ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் அடிக்கிறான், அல்லது அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். போர்டிங் பாஸில் பார்த்தால் பெயரோடு “எம்ஆர்” என்பதும் ஒட்டிக்கொண்டு வேறொரு மனிதராகவே ஆகியிருப்போம். இயந்திரம் இரண்டு பெயரையும் ஒப்பிடும், பொருந்தாவிட்டால் மைலைப் போடாது. அதற்கு முருகனும் எஸ். முருகனும் வேறு வேறு ஆள்.

எனக்கு ஒரு விமான நிறுவனத்தோடு (பெயர் வேண்டாம்) இதற்காகவே மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. போர்டிங் பாஸை அனுப்பு என்றார்கள். பர்ஸுக்குள் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். பெட்ரோல் பங்கு ரசீது மாதிரி வெப்பத்தில் அச்சாகிற தாள் அது, எழுத்தெல்லாம் பறந்துவிட்டது. ஓரத்தில் இருக்கை எண்ணின் “சி” மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதிலிருந்து விமானத்தில் ஏறும் முன்பே போட்டோ எடுத்துவிடுகிறேன். போனில் வரும் போர்டிங் பாஸ் என்றாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பயணம் முடிந்ததும் ஆப்பிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கில் பெயரை மாற்றுங்கள். அதற்கு பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், கொடுங்கள். விட்டுப்போன மைலைக் கேட்க பல திட்டங்களில் ஆறு மாதம்தான் கெடு.

4 டிசம்பர் 2024

மேலே ஒருவர், “அப்படியானால் தமிழர்கள் சர்நேம் வைத்துக்கொள்வதுதான் தீர்வு” என்கிறார். மைலுக்காகவா? வேறு காரணம் இருந்தால் பேசலாம்.

14 டிசம்பர் 2024

இலவச டிக்கெட்டை “இலவசம் மாதிரி” என்றதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மைலில் வாங்கினாலும் வரிகளைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் அதோடு எரிபொருள் கட்டணம் என்று ஒன்றைத் தனியாகத் தீட்டுவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு அந்தக் கட்டணத்தை 2017ல் எடுத்துவிட்டது. அதே கையோடு இணையத்தில் புக் செய்தால் இருந்துவந்த 15 சதவீத மைல் தள்ளுபடியையும் எடுத்துவிட்டது! ஆனாலும் நமக்கு லாபம்தான் என்பது என் எண்ணம்.

லண்டனிலிருந்து கிளம்பினால் பிரிட்டிஷ் அரசின் பயண வரி வேறு. இந்தியா வரும் தூரத்துக்கு 2024ல் எகானமியில் 88 பவுண்டு, அதற்கு மேல் வகுப்பு என்றால் 194. 2025 ஏப்ரலிலிருந்து 90, 216. மைலில் பிசினஸ் வாங்கினாலும் இது உண்டு. அதனால் லண்டன் போகும்போது மைல், திரும்பும்போது வேறு ஊர் வழியாக என்று சிலர் சுற்றுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

கணக்கு எளிது. டிக்கெட் காசுக்கு வாங்கினால் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைலில் என்றால் 20,000 மைலும் 5,000 ரூபாய் வரியும். மிச்சம் 19,000. ஆக ஒரு மைல் 95 பைசா. இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் மைலைச் செலவழிக்காதீர்கள். என் மைத்துனர் ஒரு கிரெடிட் கார்டு புள்ளிகளைக் கொடுத்து மிக்ஸி வாங்கினார். கணக்குப் போட்டுக் காட்டினேன், அந்த மிக்ஸிக்கு சிங்கப்பூர் போய்வந்திருக்கலாம். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த மிக்ஸிக்கு வீட்டில் “சிங்கப்பூர் மிக்ஸி” என்றே பெயர். இதில் எனக்கும் கொஞ்சம் கெட்ட பெயர்தான்.

22 டிசம்பர் 2024

லண்டன் விஷயத்துக்கு வருகிறேன், வேளச்சேரிவாசி மறுபடி நினைவூட்டுகிறார். கம்பெனி லண்டனுக்கு மட்டும் பிசினஸ் கொடுக்கிறதாம். அப்படியானால் பிரிட்டிஷ் ஏர்வேஸில் இரண்டாவது கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு வழிக்கு 140 டயர் பாயின்ட் (அங்கே அட்டைத் தகுதிக்கான புள்ளி), இரண்டு முறை போய்வந்தால் 560. சில்வருக்கு 600 வேண்டும். கொழும்பு, கோலாலம்பூர் என்று ஒன்வேர்ல்டில் எங்காவது குடும்பத்தோடு போய்வந்தால் மிச்சம் அடைந்துவிடும். அந்த சில்வர் ஒன்வேர்ல்டில் சஃபையர். லவுஞ்சு உண்டு. ஸ்டாரில் நீங்கள் கோல்டுக்குப் படாத பாடு படுவதைவிட இது கிட்டத்தில் இருக்கிறது.

31 டிசம்பர் 2024

மேலே 22ஆம் தேதி எழுதியதை மறந்துவிடுங்கள். நேற்று அறிவிப்பு வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸும் செலவுக் கணக்கு. அவர்கள் திட்டத்தின் எக்ஸிக்யூட்டிவ் கிளப் என்ற பெயரும் போகிறது. ஒரு பவுண்டு செலவுக்கு ஒரு பாயின்ட், வரி சேராது. சில்வருக்கு 7,500, கோல்டுக்கு 20,000. நம் காசில் சில்வர் அட்டை கிட்டத்தட்ட 8 லட்சம் ரூபாய். புது வருடப் பரிசு!

லண்டன்காரர்கள் இணையத்தில் கொதிக்கிறார்கள். மலிவு விலையில் பிசினஸ் டிக்கெட் பிடித்து, ஐரோப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பாயின்ட் சேர்த்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. அவர்களைக் கழற்றிவிடத்தான் இது. எனக்கு நிறுவனத்தின் மேல் பெரிய கோபம் வரவில்லை. அவன் பார்வையில் அந்த லவுஞ்சில் உட்கார்ந்திருந்த பாதிப்பேர் அவனுக்குக் காசு கொடுத்தவர்கள் இல்லை. ஆனால் விதியை ஒரே இரவில் மாற்றிக்கொள்ள அவனுக்கு உரிமை இருக்கிறது, நமக்கு இல்லை. மைல் என்பது அவனே அச்சடித்து அவனே விலை வைக்கும் நோட்டு.

ஏற்கெனவே அங்கே ஏவியோஸ் (பிரிட்டிஷ் ஏர்வேஸ் மைலுக்கு அதுதான் பெயர்) சேர்த்து வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். கத்தார் 2022ல் ஏவியோஸுக்கு மாறியதால் இரண்டு கணக்கையும் இணைத்து ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். தோஹா வழியாகப் போக அது பயன்படும்.

2 ஜனவரி 2025

“இப்படியெல்லாம் மைலுக்கு அலைவது ஒரு வியாதி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வியாதிதான். ஆனால் நாமெல்லாம் ஆரம்ப நிலை. 1999ல் கலிபோர்னியாவில் ஒரு பொறியாளர், உணவுப் பொட்டல லேபிளுக்கு மைல் தரும் சலுகையைக் கண்டுபிடித்து, இருப்பதிலேயே மலிவான புட்டிங் கப் 12,150 வாங்கினார். செலவு சுமார் 3,000 டாலர். லேபிள் உரிக்க ஆள் வேண்டுமே? புட்டிங்கை ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து, அவர்களையே உரித்துத் தரச் சொன்னார். கிடைத்தது 12 லட்சம் மைலுக்கும் மேல். நன்கொடைக்கு வரிச் சலுகையும் வாங்கினார். அவர் முன்னால் நான் யார்?

26 ஜனவரி 2025

பெங்களூரிலிருந்து எழுதிய தங்கை கேட்டது நல்ல கேள்வி. அவருடைய அப்பா அம்மா பேத்தியைப் பார்க்க டெக்சாஸ் போகிறார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எமிரேட்ஸிலோ கத்தாரிலோ, எது மலிவோ அதில். அவர்களுக்கு எது?

அவர்களுக்கு ஸ்டேட்டஸ் வராது, அந்த ஆசையே வேண்டாம். மைல் வரும், நிறையவே வரும், தூரம் அப்படி. சிக்கல் காலாவதி. எமிரேட்ஸில் மூன்று வருடம் தாண்டிப் பிறந்த மாதக் கடைசியில் மைல் போய்விடும். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்தநாள். அந்த மாதம்தான் கணக்கு! மைலும் அதற்குத்தான் கட்டுப்படும். கிரிஸ்ஃப்ளையரிலும் மூன்று வருடம்தான், நடுவில் பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் வேறு மாதிரி, 36 மாதத்தில் கணக்கில் ஏதாவது ஒரு அசைவு இருந்தால் மொத்தமும் தப்பிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பறப்பவர்களுக்கு இந்த முறைதான் ஏற்றது. எமிரேட்ஸில் குடும்பக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது, எல்லார் மைலும் ஒரே இடத்தில் சேரும். அதையாவது செய்து வையுங்கள். தனித்தனியாகக் கிடந்தால் யாருக்கும் ஒரு டிக்கெட் அளவுக்குத் தேறாது.

ஆனால் ஒன்று. பெரியவர்களுக்கு டிக்கெட் போடும்போது மைலைப் பார்க்காதீர்கள். நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு, வீல்சேர் சரியாக வருமா, இரண்டு பெட்டி விடுவார்களா, அதைப் பாருங்கள். என் அம்மா ஊறுகாய் பாட்டிலுக்காகவே ஒரு விமான நிறுவனத்தை ஒதுக்கியவர்.

9 மார்ச் 2025

“மைலைச் சேர்த்து வைத்து ரிட்டயர் ஆனதும் உலகம் சுற்றலாமா?” என்று புதிதாக ஒருவர் கேட்கிறார். கூடாது.

கிங்ஃபிஷர் 2012 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டில் சேர்வதாக இருந்தது. கடைசி நேரத்தில் நின்றது, அதே வருடம் அக்டோபரில் விமானமே நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. ஜெட்டின் மைல் திட்டம் தனி கம்பெனியாக இருந்ததால் விமானம் செத்தபிறகும் அது உயிரோடு இருந்து, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கிளப் விஸ்தாரா அவ்வளவு மோசம் இல்லை, புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்றாக ஏர் இந்தியாவுக்கு வந்தன. 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய நிறுவனத்துக்குப் பத்து வருடம்கூட முழுசாக நிறையவில்லை. நான் பார்க்க மூன்று திட்டம். இதில் ரிட்டயர்மென்ட் வரைக்குமா?

கையில் ஒரு டிக்கெட் அளவுக்குச் சேர்ந்ததும் செலவழித்துவிடுங்கள். கிரெடிட் கார்டு புள்ளிகளை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கார்டிலிருந்து மைலுக்குப் போனால் திரும்பி வர வழியில்லை. சீட்டு இருக்கிறதா என்று முதலில் தேடி, கிடைத்தபிறகு மாற்றுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைல் சீட்டுகளை 355 நாளுக்கு முன்பே திறக்கிறது. பள்ளி விடுமுறைக்குப் போகவேண்டும் என்றால் போன விடுமுறையிலேயே உட்கார்ந்து தேட வேண்டும்.

30 மார்ச் 2025

பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது, வருடத்தில் 50 முறை அவர்கள் விமானத்தில் ஏறினாலும் சில்வர் உண்டாம். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு வாரா வாரம் போகிறவருக்குச் சரி. சென்னையில் இருப்பவருக்கு இதனால் ஒன்றும் இல்லை.

6 ஏப்ரல் 2025

வேளச்சேரிவாசி முடிவு செய்துவிட்டாராம். டெல்லியும் சிங்கப்பூரும் லண்டனும் எல்லாமே ஏர் இந்தியா கணக்குக்கு, மைல் டிக்கெட்டுக்குத் தேவைப்பட்டால் கிரெடிட் கார்டு புள்ளியை கிரிஸ்ஃப்ளையருக்கு மாற்றுவது என்று. லண்டனுக்கும் இனி நேர் விமானத்தை விட்டுவிட்டு டெல்லி வழியாக ஏர் இந்தியாவில் போகப்போகிறாராம்.

முதல் பாதி எனக்குச் சம்மதம். பிசினஸ் வகுப்பு கிடைத்தால் கிரிஸ்ஃப்ளையர் என்று நவம்பரில் நான் சொன்னது உண்மை. ஆனால் கம்பெனி சிங்கப்பூருக்கு எகானமிதான் கொடுக்கிறது என்று தெரிந்தபிறகு அந்த வாதம் நிற்கவில்லை. ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறந்து ஏர் இந்தியா கணக்கில் போடும்போது செலவுக் கணக்கு ஓடாது, டிக்கெட்டில் இருக்கும் வகுப்பு எழுத்துதான் (எகானமிக்குள்ளேயே விலைக்கு ஏற்ப மாறும் ஒற்றை எழுத்து) பேசும். கூட்டாளி விமானங்களில் எந்த எழுத்துக்கு எவ்வளவு என்று அவர்கள் தளத்திலேயே பட்டியல் இருக்கிறது. எந்தத் திட்டமானாலும் மலிவு எழுத்துகள் சிலவற்றுக்கு ஒன்றுமே வராமல் போகலாம். புக் செய்யும் முன் பாருங்கள்.

இரண்டாம் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. பதினோரு மணி நேரத்தில் நேராக இறங்க வேண்டியவர், அட்டைக்காக டெல்லியில் நள்ளிரவில் காத்துக் கிடக்கப்போகிறார். ஆனால் அது அவர் முதுகு.

7 ஏப்ரல் 2025

ஒன்று மட்டும், மாறுகிற எல்லாருக்கும். டிராவல் டெஸ்க்கில் உங்கள் பழைய எண்தான் பதிந்து கிடக்கும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் அதுவே தானாக வந்து உட்காரும். அவர்களிடம் சொல்லி மாற்றுங்கள், ஏற்கெனவே போட்டுவைத்த டிக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். செக்-இன் செய்யும்போதும் ஒருமுறை கவுன்டரில் கேளுங்கள். போர்டிங் பாஸில் எண் அச்சாகியிருக்கும், கடைசி நாலு இலக்கம் உங்களுடையதுதானா என்று அங்கேயே பார்த்துவிட்டு நகருங்கள்.